உள்தாழ்ப்பாள்

பதினாறு சாக்கையும் அன்றைக்கே அலசி முடித்துவிட வேண்டும் என்று வாய்க்காலில் இறங்கினேன். தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருந்தது. வண்டல் கலங்கலாகத் தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாக்காக முக்கி, திருப்பி முக்கி, மதகுக் கட்டையில் நாலு அடி அடித்துக் கரையில் எறிந்தேன். எல்லாம் ரைஸ் மில்லில் கழித்துப் போட்ட கிழிசல் சாக்குகள். நெல் கொள்முதல் நிலையத்தில் நான் தூக்குகிற சாக்கெல்லாம் கணக்குச் சாக்கு, அதில் ஒன்றைத் தொட முடியாது. மில்லில் கேட்டபோது, எடுத்துட்டுப் போ, குப்பையில போடறதுதானே என்று கொடுத்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு வரும்போதே என் சம்சாரம் மங்களம் சொன்னாள், இரண்டு நாள் ஊறட்டும், இரண்டு நாள் நல்ல வெயிலில் காயட்டும், அப்புறம் தையுங்கள் என்று. ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? காலையில் ஒரு மணி நேரம் அடித்தது, பிறகு மூடிக்கொண்டது. அரைக்காய்ச்சலாகவே மடித்து எடுத்து வந்தேன். நாம் புழங்குகிற சாக்குதானே என்றேன். முப்பது வருஷமாக முதுகில் கிடக்கிற சாக்கு.

அந்தச் சாக்கெல்லாம் எதற்கு என்றால், ஓர் அறைக்குக் கூரையின் அடியில் இழுத்துக் கட்ட ஒரு மேல்தட்டி தைக்க. எங்கள் வீடு பாபநாசத்துக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருக்கிற காலனியில். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை. சமையல், படுக்கை, சாமிப்படம், விதைநெல் குதிர் எல்லாம் அதற்குள்தான். வீட்டை ஒட்டி நான் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தேன். பத்தடிக்கு ஏழடி. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், பின்னால் மண்சுவர், மேலே சிமெண்டு ஷீட்டு, மற்ற இரண்டு பக்கமும் திறப்பு. அதில் ஆடு கட்டியிருந்தோம். அந்த இடத்தைத்தான் அறையாக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண், குந்தவை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பிரபு தஞ்சாவூரில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார். அவருடைய அப்பா காலமாகிவிட்டார், அம்மாவும் அவரும்தான். நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டார். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது அந்த அம்மாவும் கூட வந்தார்கள். சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டு, பொழுது சாய்கிற நேரத்துக்கு எல்லோரும் அந்த ஒரே அறையில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். எங்கே படுக்கை போடுவது என்று மங்களம் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். சம்பந்தியம்மா அதைக் கவனித்துவிட்டார்கள்.

"ராத்தங்க எடமில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்க வெளிச்சத்தோடவே கெளம்பியிருப்போமே சம்பந்தி" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். கடைசி பஸ்ஸில் எல்லோரும் போனார்கள். ஏறும்போது குந்தவை எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை அவள் தலையில்தான் இறங்கும், அந்த வீட்டில் அவள் காலம் பூராவும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தலைத் தீபாவளிக்கு வருவார்கள். அன்றைக்கு ஒரு ராத்திரியாவது என் வீட்டில், கதவு சாத்திய ஓர் அறையில், மாப்பிள்ளை படுத்து எழுந்திருக்க வேண்டும். வேறு நினைப்பே இல்லாமல் அந்த இரண்டு மாதமும் ஓடியது.

பணத்துக்கு வழி இல்லை. கல்யாணத்தில் எல்லாம் போய்விட்டது. ஆனால் மனசு வைத்தால் பொருள் எங்கிருந்தெல்லாமோ வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பாபநாசத்தில் அன்சார் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். அவன் கடைக்கு லாரி வந்தால் நான்தான் இறக்கிக் கொடுப்பேன். அதற்குக் கூலி வேண்டாம், சாமான் கொடு என்றேன். எதுக்கு வீரையண்ணே இந்த வயசுல கதவும் கட்டிலும், ரெண்டாங் கல்யாணமா என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னதும் கேலியை விட்டுவிட்டுக் கடைக்குள்ளே கூட்டிப்போனான். இடித்த வீட்டுக் கதவு ஒன்று, நிலையோடு. துருப்பிடித்த இரும்புக் கட்டில் ஒன்று. திறப்பை அடைக்க நாலு தகரம். மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து வந்த கண்ணாடி, ஒரு மூலை சில்லுப் போயிருந்தது. ஒரு மேசை ஃபேன், அதன் கழுத்து மடங்காது, மேலே நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. ஓடுதா, ஓடும்ல, அது வானத்தப் பாத்துக்கிட்டு ஓடட்டும் என்று அதையும் தலையில் கட்டினான். கதவில் வெளித்தாழ்ப்பாள் மட்டும்தான் இருந்தது. உள்தாழ்ப்பாள் ஒன்று வேண்டும் என்று கேட்டு, ஒரு டப்பா நிறையக் கிடந்ததில் துருவித் துருவி, தடங்கல் இல்லாமல் ஓடுகிறதாக ஒன்றை எடுத்து வந்தேன்.

மங்களத்துக்கும் கை ஓடியது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. நடவு முடிந்து வந்த களைப்பிலும் உட்கார்ந்து பழைய சேலைகளைக் கிழித்துத் திரைச்சீலை தைத்தாள். கல்யாணத்துக்கு வரிசை வைத்த தாம்பாளத்துக்குச் சுற்றியிருந்த ஜிகினாத் தாளைப் பத்திரப்படுத்தியிருந்தாள், அதைப் பூவாக வெட்டி ஜன்னலுக்குப் பதிலாக நான் விட்டிருந்த ஓட்டையைச் சுற்றி ஒட்டினாள். இரண்டு செங்கல் அடுக்கின் மேல் ஒரு பலகை போட்டு, அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை விரித்துக் கல்யாண போட்டோவை வைத்தாள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இது நம்ம வூடு மாதிரியே இல்லங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மேல்தட்டியை நான் தைத்தேன். சாக்குகளின் விளிம்பைப் பிரித்து விரித்து, கோணி ஊசியும் சணலும் வைத்து ஒன்றோடொன்று மூட்டி, ஷீட்டுக்கு அடியில் மூங்கிலில் இழுத்துக் கட்டினேன். மூட்டை வாய் தைத்துத் தைத்துப் பழகின கை, தையல் ஒரு கோடு பிசகவில்லை. ஷீட்டின் சூடும் தெரியாது, மழைச் சத்தமும் அடங்கிக் கேட்கும். படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். பழுப்பாக, சீராக, பெரிய வீட்டுப் பந்தல் மாதிரி இருந்தது.

சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. மங்களத்திடம்கூட.

ஆட்டை வெளியே கட்டிவிட்டு, தழையையும் புழுக்கையையும் வாரி, பின்பக்க மண்சுவரைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். முளைக்குச்சி அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில், கரியால் ஏதோ கிறுக்கியிருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு முன்பே தெரியும். தழை அடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டதுதான். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. பிள்ளை கிறுக்கியது என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள், நாற்பத்தெட்டு வயசில் போய் உட்கார்ந்து படித்தேன். இப்போது பஸ் போர்டும் படிப்பேன், பேப்பரும் படிப்பேன், கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் அன்றைக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கரியைப் படித்தேன்.

அது ஓர் அறையின் படம். சதுரமாக ஒரு கோடு. அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை. மேசை. விளக்கு. கண்ணாடி. துணிக்கொடி. முன்பக்கம் கோடு விட்டிருந்த இடத்தில் கதவு என்று எழுதி, அதன் உட்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டு இன்னொரு வார்த்தை. அதைப் படிக்கத்தான் எனக்கு வெகுநேரம் பிடித்தது. ழகரமும் ளகரமும் ஒரே வார்த்தையில் வந்தால் எனக்கு இன்றைக்கும் திணறும். தாழ்ப்பாள்.

குந்தவை ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. ஒரு நாள் நான் வேலை முடிந்து மழையில் வருகிறேன், ஆடு வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டு கத்துகிறது. சாய்ப்பில் பார்த்தால் தரை சாணம் மெழுகியிருக்கிறது, இரண்டு செங்கல்லின் மேல் ஒரு பலகை, பலகையில் அவள் புத்தகங்கள். திறப்பில் அவள் அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தாள். அப்பா, இந்த எடத்த எனக்குக் குடுங்க, நான் இங்க படிச்சுக்குறேன், துணி மாத்தக்கூட எடமில்ல என்று கேட்டாள். பயந்து பயந்துதான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் வலி. சினை ஆடு நனைகிற ஆத்திரம் வேறு. "ஒனக்கு உள்ள எடமில்லையா? ஆடு நனைஞ்சா செத்துப்போவும்" என்றேன். சேலையை அவிழ்த்தேன். பலகையைத் தூக்கி வெளியே வைத்தேன். ஆட்டை இழுத்து வந்து முளையில் கட்டினேன். அவள் அழவில்லை. புத்தகங்களைத் தாவணியில் துடைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு பன்னிரண்டாவது முடிக்கிறவரைக்கும் அடுத்த தெருவில் அவள் சிநேகிதி ஹுமைரா வீட்டில் போய்த்தான் படித்தாள். துணி மாற்றும்போது அவள் அம்மா என்னை வெளியே போகச் சொல்வாள், நானும் போய் ரோட்டில் நின்று பீடி குடித்துவிட்டு வருவேன். மழை நாளில் முணுமுணுத்துக்கொண்டு போவேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆட்டின் மேலும் குற்றம் சொல்ல முடியாது, அதன் குட்டிகளை விற்றுத்தான் அவளுக்குத் தோடு எடுத்தோம். ஆனால் ஆட்டுக்கு ஒரு கீற்றுத் தட்டி வேறு இடத்தில் இறக்கியிருக்கலாம். அரை நாள் வேலை. அந்த அரை நாளை ஒன்பது வருஷமாக நான் எடுக்கவில்லை.

எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை. நான் பலகையைத் தூக்கி வைத்ததற்கு முன்னாலா, பின்னாலா? அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் என்றால், ஆட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம் எழுந்து சுண்ணாம்பைக் கரைத்தேன். சொட்டு நீலம் நாலு துளி விட்டுக் கலக்கினேன். மாப்பிள்ளை கண்ணில் கரிக் கிறுக்கல் பட்டால் நன்றாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் அதில்லை. என் கண்ணில் அது படக் கூடாது என்றுதான். மட்டையைத் தோய்த்து அதன்மேல்தான் முதலில் இழுத்தேன். ஈரச் சுண்ணாம்புக்குள்ளே எழுத்து அப்படியே தெரிந்தது. இன்னொரு தரம் இழுத்தேன், அப்போதும் தெரிந்தது. காயக் காயத்தான் மறைந்தது. மேசை போயிற்று, விளக்கு போயிற்று. தாழ்ப்பாள் கடைசியாகப் போயிற்று. சுவர் இளநீலமாக, துடைத்த மாதிரி நின்றது. அவள் எழுதியிருந்த எதையும் அவள் எழுதியிருந்த இடத்தில் நான் வைக்கவில்லை. கண்ணாடியை வீட்டுச் சுவரில், பிரபு தலை சீவ வாகாக, அவர் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தார்கள். மங்களம் ஆரத்தி எடுத்தாள். நான் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். "வாங்க மாப்ள, இதான் ஒங்க ரூம்பு" என்றேன். பிரபு குனிந்து நுழைந்து சுற்றிப் பார்த்தார். முகத்தில் நிஜமாகவே சந்தோஷம். மேலே கையைத் தூக்கிச் சாக்கைத் தடவிப் பார்த்தார். "சூப்பரா இருக்குங்க மாமா, ரிசார்ட்டு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அந்த வார்த்தை தெரியாது, ஆனாலும் நெஞ்சு நிறைந்தது.

குந்தவை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். செங்கல்லின் மேல் பலகை. அதன்மேல் ஒரு நிமிஷம் கண் நின்றது. பிறகு நேராகப் பின்சுவரின் அடியைப் பார்த்தாள். முளைக்குச்சியை நான் பிடுங்கியிருந்தேன், அந்தக் குழிகூடச் சுண்ணாம்பில் அடைந்திருந்தது. அவள் உள்ளே வந்து, குனிந்து, விரலால் அந்த இடத்தை லேசாகத் தொட்டாள். விரல் நுனியில் நீலம் ஒட்டியது. திரும்பி என்னிடம் கேட்டாள்.

"ஆடு எங்கப்பா?"

"வேப்பமரத்துல கட்டியிருக்கேன்."

"மழையில நனையாதா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்ய அவள் நுனிக்காலில் எம்பி நின்றது, திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் ஓடுகிற சத்தமும் கேட்டபோது மங்களம் என் கையை அழுத்தினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

விடிவதற்கு முன் எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பப் போனபோது பிரபு ஏற்கெனவே வெளியில் கல் மேல் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, கொசுங்க மாமா, ஒண்ணுமில்ல என்றார். நான் முறைப்படி தலையில் எண்ணெய் வைத்தேன். மங்களம் சீயக்காய் கரைத்துக் கொடுத்தாள். வெந்நீர் விழுந்ததும் மனுஷன் பல்லைக் கடித்தார். விடிந்த பிறகு வெளிச்சத்தில் பார்த்தால், கழுத்து, முதுகு, கை எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருக்கிறது. ஒரு கண் பாதி மூடிவிட்டது. மங்களம் முதுகைப் பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சொண" என்றாள். அவ்வளவுதான்.

நெல்லின் மேல் பூமுள் மாதிரி இருக்கும் அது, சுணை. கண்ணுக்குத் தெரியாது, பட்டால் தோல் பற்றி எரியும். சாக்கின் இழையிலெல்லாம் அதுதான் இருக்கும், அரைகுறையாக அலசினால் போகாது. அந்த ஃபேன் ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு மேல்தட்டியை அடித்து அடித்து, தூங்குகிறவர்கள் மேல் அதைச் சலித்துக் கொட்டியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் நானும் இப்படித்தான் வீங்கிக் கிடந்தேன், என் அம்மா வேப்பிலை அரைத்துப் பூசினாள். அது மறந்தே போய்விட்டது. என் தோலுக்கு அது தெரிவதில்லை. எனக்குத் தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

பாபநாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தோம். அங்கிருந்த நர்ஸ் பெண், தலைத் தீபாவளிக்கு வந்த எடத்துல களம் தூத்தவா விட்டாங்க என்று கேட்டது. பிரபு சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மா போனில் கூப்பிட்டார்கள். மறைக்கத் தெரியாத பிள்ளை, நடந்ததை வேடிக்கை மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டார், ஆடு கட்டியிருந்த இடம் என்பது வரைக்கும். அந்த அம்மாவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "ஆட்டுக் கொட்டாயிலயா எம்புள்ளைய படுக்க வெச்சாங்க?"

குந்தவை அப்போது அவர் கழுத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். தடவுகிற விரல் நிற்கவில்லை. முகம்தான் கல்லாகிவிட்டது. மத்தியானம் இலை போட்டோம், பிரபு இரண்டு வாய் சாப்பிட்டார். அம்மா வரச் சொல்றாங்க மாமா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, ரூம் நல்லாத்தான் இருந்துச்சு என்று என்னிடம் சொன்னார். இந்த ஜென்மத்தில் எனக்கு அது போதும். குந்தவையும் பையை எடுத்தாள். நீ ரெண்டு நாள் இருந்துட்டு வா, நான் அம்மாட்ட பேசிக்கிறேன் என்று அவளை நிறுத்திவிட்டு அவர் மட்டும் பஸ் ஏறினார்.

அவரை ஏற்றிவிட்டு வந்ததும் நான் நேராக அறைக்குள் போய், கட்டிலின் மேல் ஏறி நின்று, மேல்தட்டிச் சணலை அரிவாளால் அறுக்க ஆரம்பித்தேன். நாலு கட்டு அறுத்திருப்பேன். ஒரு மூலை தொங்கியது, உமித்தூசு கண்ணில் விழுந்தது.

"இருக்கட்டும்ப்பா, அறுக்காதீங்க."

குந்தவை கதவருகில் நின்றாள்.

"ஒனக்கும் அரிக்கும்மா."

"ராத்திரி நானுந்தானே படுத்திருந்தேன்? எனக்கு ஒண்ணும் பண்ணல. ஒங்க தோலுதானே எனக்கும்."

நான் கீழே இறங்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியில் பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தச் செவுத்துல அடியில ஏதோ எழுதியிருந்துச்சே. பாத்தீங்களா?"

படித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்தேன், கடைசி வார்த்தைக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஓர் இடம்தான், என் ஆயுசில் நான் படித்த படிப்பு எதற்காவது ஆகியிருக்கக்கூடிய இடம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கு என்னம்மா தெரியும். கரின்னு நெனச்சு அடிச்சுட்டேன்."

நாற்பத்தெட்டு வருஷம் எழுத்துத் தெரியாமல் இருந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வசதிக்குள் போய் நான் ஒளிந்துகொண்டேன். அவள் கல்யாணப் பத்திரிகையை வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக் காட்டியவன் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். தப்பு வந்த இடத்தில் திருத்தினாள்.

குந்தவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரிப்பா" என்றாள். "நான் கொஞ்சம் படுக்குறேன்."

வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் ஓடி, இறங்கி உட்காருகிற சத்தம் கேட்டது. தடங்கல் இல்லாமல் ஓடிற்று, நான் பொறுக்கி எடுத்த தாழ்ப்பாள். தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் இடத்தில் அவள் இருப்பது, எனக்குத் தெரிந்து, இதுதான் முதல் தடவை. மங்களம் காபியைக் கலந்து எடுத்து வந்தாள். கதவருகில் போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் காபியைத் திரும்ப எடுத்துப் போய் மூடி வைத்தாள்.

நாலு மணிவாக்கில் மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு கனத்தது. வேப்பமரத்தடியில் ஆடு கத்த ஆரம்பித்தது. இது அந்த ஆடு இல்லை, அதன் பேத்தி, ஆனால் குரல் அதே குரல். கயிற்றை இழுத்துக்கொண்டு பழைய இடத்தைப் பார்த்தே கத்தியது. அவள் எழுந்துவிடுவாள் என்று ஓடினேன். மிச்சமிருந்த ஒரு சாக்கை முக்காடாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஆட்டை அவிழ்த்து, ஷீட்டு நீண்டிருந்த பின்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கே ஒரு ஆள் சுவரோடு ஒட்டி நிற்கலாம். சாக்கின் ஒரு பாதியை ஆட்டின் முதுகில் இழுத்துவிட்டு, அதன் வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன்.

சாரல் மண்சுவரின் அடியில் அடித்துக்கொண்டே இருந்தது. அடிமண் கறுத்து, ஈரம் ஒரு முழம், ஒன்றரை முழம் என்று மேலே ஏறியது. இந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் அந்த எழுத்து. மழை இப்படியே பெய்தால் ஈரம் உள்ளே போய்விடும். சுண்ணாம்பு நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே சத்தம் இல்லை. தூங்குகிறாளா, விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா, தெரியவில்லை. ஆட்டின் மூச்சு என் உள்ளங்கையில் சுடச் சுட வந்து மோதியது. ஈரச் சாக்கு கழுத்தில் உரசியது, எனக்கு அரிக்கவில்லை. நான் சுவரில் சாயாமல் நின்றேன்.